படம் ஏன் கலங்கியது? அறிகுறி பார்த்துக் காரணம் காணும் முறை

தீபாவளி ஒளியூட்டு தொடங்கியதும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கேமராவும் கைப்பேசியுமாகக் கூட்டம் சேர்ந்துவிடும். அந்த வாரங்களில் நண்பர்களும் உறவினர்களும் எனக்கு அனுப்பும் படங்களில் பல கலங்கியே வருகின்றன. கூடவே ஒரு கேள்வியும் வரும்: “நிலைப்படுத்தி வேலை செய்யவில்லையா? புது லென்ஸ் வாங்க வேண்டுமா?” பெரும்பாலும் இரண்டுக்குமே ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேமராவிலோ லென்ஸிலோ உள்ள நிலைப்படுத்தி (ஸ்டெபிலைசர்) கேமராவின் அசைவை மட்டுமே ஈடுகட்டும். ஆள் அசைந்தாலும், பாலம் அதிர்ந்தாலும், கண்ணாடியில் நீர் படிந்தாலும் படம் கலங்கும். அவற்றில் எது என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் கலங்கலின் வடிவத்தைப் பாருங்கள். படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, அதில் ஒரு சிறிய ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். தொலைவில் உள்ள தெருவிளக்கு, சரவிளக்கின் ஒரு குமிழ், மூக்குத்தியின் மின்னல், கண்மணியில் விழுந்த வெளிச்சம் என எதுவானாலும் சரி. புள்ளியாக இருக்க வேண்டியது என்னவாக மாறியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். நடுவில் ஒன்றைப் பார்த்தபின் மூலைகளிலும் பாருங்கள். கீழே உங்கள் படத்துக்குப் பொருந்தும் பகுதியிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரிக் கோடுகளாக இழுபட்டிருக்கின்றன

இதுதான் உண்மையான கைநடுக்கம். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் உங்கள் கை சென்ற பாதையை ஒவ்வொரு விளக்கும் வரைந்து காட்டுகிறது. நலமாக உள்ளவரின் கைகூட நொடிக்கு 8 முதல் 12 முறை மெல்ல அதிர்கிறது. அதன்மேல் மூச்சின் ஏற்ற இறக்கமும் உடலின் தள்ளாட்டமும் சேர்கின்றன. கோடு நெளிந்திருந்தால் காரணம் இந்த அதிர்வு. மேலிருந்து கீழாக நேர்க்கோடாக இருந்தால், பொத்தானை அழுத்திய விரல் கேமராவையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறது.

படத்தின் விவரங்களைத் திறந்து ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். ஃபிலிம் காலத்திலிருந்து வரும் கணக்கு இன்றும் நல்ல தொடக்கம்தான்: லென்ஸில் குறிப்பிட்டிருக்கும் குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, ஒரு நொடியில் அத்தனையில் ஒரு பங்கைவிட மெதுவாகக் கையில் பிடித்து எடுக்கக் கூடாது. 50 மி.மீ. என்றால் 1/50. ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் சிறியதானால் அதற்கேற்பப் பெருக்க வேண்டும்: ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 1.5, கேனனின் ஏபிஎஸ்-சிக்கு 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. அப்படியானால் ஏபிஎஸ்-சி கேமராவில் 200 மி.மீ. லென்ஸுக்கு 1/300 வேண்டும். இது சிறிய அச்சுப்படத்தை மனத்தில் வைத்துப் பிறந்த கணக்கு. 40 மெகாபிக்சல் படத்தைப் பெரிய திரையில் உருப்பெருக்கிப் பார்ப்பவர்கள் அதைப்போல் இரு மடங்கு வேகம் வைத்துக்கொள்வது நல்லது.

நிலைப்படுத்தி இந்த எல்லையைத் தளர்த்துகிறது. உள்ளே இருக்கும் கைரோ உணரிகள் கேமரா எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கின்றன. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதியோ கேமராவுக்குள் சென்சாரோ அதற்கேற்ப நகர்ந்து, பிம்பத்தைச் சென்சாரின் அதே இடத்தில் நிறுத்தி வைக்கிறது. 1994இல் நிக்கான் ஜூம் 700விஆர் என்ற சிறிய கேமராவும், 1995இல் கேனனின் 75-300 மி.மீ. லென்ஸும் இந்த நுட்பத்தைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தன. சென்சாரையே நகர்த்தும் வழியை 2003இல் டிமாஜ் ஏ1 என்ற கேமரா காட்டியது. 2012இல் ஒலிம்பஸின் ஓஎம்-டி இ-எம்5 அதை ஐந்து அச்சுகளுக்கு, அதாவது ஐந்து வகை அசைவுகளுக்கு, விரித்தது.

பெட்டியில் ‘5 ஸ்டாப்’, ‘7 ஸ்டாப்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு ஸ்டாப் என்பது ஷட்டர் நேரம் இரு மடங்காவது. 4 ஸ்டாப் என்றால் 16 மடங்கு. 1/300 வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 1/20 போதும் என்று பொருள். அந்த எண் ஆய்வகத்தில் அதிர்வு மேசையின்மேல் கேமராவை வைத்துச் சோதித்துக் கிடைத்தது. கூட்டத்தில் தோளோடு தோள் உரச நின்று எடுக்கும்போது அதில் பாதியை மட்டும் நம்புங்கள் என்பது என் கருத்து.

இனிச் சரிபார்க்க வேண்டியவை. லென்ஸின் பக்கவாட்டில் உள்ள நிலைப்படுத்திப் பொத்தான் பைக்குள் உரசி அணைந்துவிடுவது மிகச் சாதாரணம். முதலில் அதைப் பாருங்கள். பிறகு, படமெடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் காட்சி மிதப்பது அடங்கும்வரை சுமார் ஒரு நொடி காத்திருந்து முழுதும் அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்துபவர்களுக்கு நிலைப்படுத்தி நிதானத்துக்கு வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையால் லென்ஸை அடியிலிருந்து தாங்கி, மூச்சை வெளியே விட்டபின் எடுங்கள். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் ஐந்தடி நடைபாதைத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தோளை ஒரு தூணில் சாய்த்துக்கொண்டாலே ஒரு ஸ்டாப் ஆதாயம் கிடைக்கும். தொடர்ச்சியாக நான்கைந்து படங்கள் எடுத்து நடுவில் உள்ளவற்றைப் பாருங்கள். விரலின் உதறல் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும்தான் அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் கோடு தெரிந்தால், ஷட்டரை வேகமாக்க ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, உயர்த்துங்கள். நம் ஊரில் இதை இரவு வரும் முன்பே செய்ய வேண்டியிருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் அந்தி இங்கே நீள்வதில்லை. ஏழு மணியளவில் கதிரவன் மறைந்தால் ஏழரைக்குள் இருட்டிவிடும். ஏழு மணிக்கு வைத்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டு எடுத்துக்கொண்டே போனால், கேமரா சத்தமில்லாமல் ஷட்டரை மெதுவாக்கிக்கொண்டே இருக்கும்.

கோபுரம் கூர்மையாக இருக்கிறது, மனிதர்கள் மட்டும் கலங்கியிருக்கிறார்கள்

நிலைப்படுத்தி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. அசைந்தது ஆள், கேமரா அல்ல. தைப்பூசத்தன்று ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டில் உள்ள தெண்டாயுதபாணி கோயிலை நோக்கிக் காவடிகள் புறப்படும் விடியற்காலையில், இந்தக் குறையோடு ஏராளமான படங்கள் பிறக்கின்றன. நிலைப்படுத்தி இருப்பதை அறிந்த கேமரா, தானியங்கி முறையில் துணிந்து 1/20, 1/30 என்று இறங்கிவிடுகிறது. மண்டபத் தூணுக்கு அது போதும். ஆடுகின்ற பக்தருக்குப் போதாது.

எந்தத் தொழில்நுட்பமும் இங்கே ஷட்டர் வேகத்துக்கு ஈடாகாது. உட்கார்ந்து பேசுபவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, காவடி ஆட்டத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் 1/500 என்று தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற முடியாதவர்கள் ‘தானியங்கி ஐஎஸ்ஓ’ பகுதியில் மிகக் குறைந்த ஷட்டர் வேகம் எது என்று குறிப்பிடும் இடத்தைத் தேடி, 1/250 என்று வைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ அதன் உச்சவரம்பைத் தொடும்வரை அதற்குக் கீழே கேமரா போகாது. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை உயர்த்திக்கொள்ளும்.

ஐஎஸ்ஓ 6400 என்றதும் பலர் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள். படத்தில் தெரியும் பொடிப்பொடியான இரைச்சலை மென்பொருள் பெருமளவு துடைத்துவிடும். அலகு குத்திக்கொண்டு வேலவனை அழைத்தபடி நிற்பவரின் கண்கள் கலங்கிப் பதிவானால், அந்தப் பார்வையைப் பிறகு எவராலும் மீட்டுத் தர முடியாது. நேர்த்திக்கடன் செலுத்துபவருக்கு அது வாழ்நாளில் ஒரே முறை நடப்பதாகவும் இருக்கலாம்.

வெளிச்சம் உண்மையிலேயே மோசமாக இருந்தால் அசைவின் உச்சத்துக்குக் காத்திருங்கள். காவடி ஒரு பக்கம் சுழன்று மறுபக்கம் திரும்பும் முன் ஒரு கணம் நிற்கும். நடனத்தில் அடவு முடிந்து அபிநயம் நிலைக்கும் இடமும் அப்படியே. அந்தக் கணத்தில் 1/160 கூடக் கூர்மையான முகத்தைத் தந்துவிடும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் தீமிதியில் இந்த உபாயம் உதவாது. பூக்குழியில் எவரும் நிற்பதில்லை. 1/500க்குக் கீழே இறங்காதீர்கள்.

விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன

புள்ளி கோடாக இழுபடாமல், சற்று மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்திருக்கும். எழுத்துகளுக்கு நிழல் எழுத்து முளைத்திருக்கும். ஷட்டர் வேகமோ 1/60க்கும் 1/250க்கும் இடையில், பாதுகாப்பான இடத்தில்தான் இருக்கும். கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமராக்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டரின் அதிர்ச்சியே. ஷட்டரின் முதல் திரை பாய்ந்து நிற்கும்போது ஏற்படும் உதைப்பு, சென்சாரையோ லென்ஸின் மிதக்கும் கண்ணாடியையோ ஆட்டிவிடுகிறது. எடை குறைந்த கேமராவில் நீண்ட ஜூமைப் பொருத்தும்போது இது கூடுதலாகத் தெரியும்.

மெனுவில் ‘மின்னணு முதல் திரை’ என்ற தேர்வை இயக்குங்கள். பல கேமராக்களில் குறை அங்கேயே தீர்ந்துவிடும். பழைய எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு உள்ளே எழும்பும் கண்ணாடியே அந்த உதைப்பைத் தரும். கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்தும் வசதியையோ கேமராவின் பின்திரையில் பார்த்து எடுக்கும் முறையையோ (லைவ் வியூ) பயன்படுத்துங்கள்.

ஓசையே வேண்டாம் என்று முழு மின்னணு ஷட்டருக்குத் தாவுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு கிடைமட்டப் பட்டைகளாகப் பதிவாகிவிடும். திருமண மண்டபங்களிலும் சமூக மன்ற மேடைகளிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை மறையும். அதைவிட வேகம் வேண்டுமென்றால் மின்னணு முதல் திரைக்கே திரும்பிவிடுங்கள்.

முக்காலியில் வைத்தும் கலங்குகிறது

இந்தக் குறைதான் மக்களை மிகவும் சோர்வடையச் செய்கிறது. கனமான முக்காலியை எம்ஆர்டியில் சுமந்துபோய், மரினா பே கரையில் இடம்பிடித்து, ஐந்து நொடி திறந்து வைத்தும் கட்டட விளக்குகள் மெழுகிவிட்டால் மனம் வலிக்கத்தான் செய்யும்.

முதல் சந்தேகம் நிலைப்படுத்தியின்மேல் இருக்கட்டும். அசைவே இல்லாத இடத்தில் பழைய லென்ஸ்கள் சிலவற்றின் நிலைப்படுத்தி, தன் மோட்டாரின் மெல்லிய அதிர்வையே அசைவென்று எண்ணி அதைத் திருத்த முயன்று, அந்த முயற்சியால் தானே பிம்பத்தை நகர்த்திவிடும். புதியவை பல முக்காலியை அடையாளம் கண்டு அடங்கிக்கொள்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் அணைத்துவிட்டு எடுங்கள். முக்காலியில் அதனால் இழப்பு எதுவும் இல்லை. லென்ஸிலும் கேமராவிலும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் அணைக்க வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் நிற்கும் தரை. 2010இல் திறக்கப்பட்ட ஹீலிக்ஸ் பாலமும், எஸ்பிளனேட் பாலத்தை ஒட்டி 2015இல் வந்த ஜூபிலி பாலமும் நடப்பவர்களுக்கானவை. கூட்டமாக நடந்தால் அவற்றின் தளம் மெல்ல அதிரும். காலில் உணர முடியாத அதிர்வைக்கூட நீண்ட லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் ஓடுபவர்கள் கடக்கும்போதும் கவனம் வேண்டும். மெக்ரிச்சியில் மரவுச்சிகளுக்கிடையே தொங்கும் நடைபாலத்திலோ முக்காலியை நினைக்கவே வேண்டாம். பாலம் அதிரும் இடங்களில் நீண்ட ஒரே படத்துக்குப் பதிலாக, ஐஎஸ்ஓவைச் சற்று உயர்த்தி, ஆட்கள் குறையும் இடைவெளிகளில் குறுகிய படங்களாக எடுங்கள். அதைவிட நல்லது, பாலத்தை விட்டு இறங்கிக் கரையின் கல்தரைக்குப் போய்விடுவது. காட்சி கொஞ்சம் மாறும். படம் கூர்மையாக வரும்.

மூன்றாவது, காற்றும் விரலும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களின் தடித்த பகுதியை முதலில் நீட்டுங்கள். தோள்வார் காற்றில் படபடக்காதபடி கழற்றிவிடுங்கள். இரண்டு நொடித் தாமதத்தை இயக்கினால் விரலின் அதிர்வு அடங்கியபின் ஷட்டர் திறக்கும். கனமான லென்ஸ் என்றால் பத்து நொடி வையுங்கள். கரையோரப் பூந்தோட்டங்களின் ஒளிக்காட்சிக்கு இது ஒத்துவராது, விளக்கு நமக்காகக் காத்திருக்காது. அங்கே கம்பியில்லா இயக்கியோ கைப்பேசிச் செயலியோ கைகொடுக்கும்.

நடுவில் கூர்மை, மூலைகளில் வளைந்த கோடுகள்

ஷட்டரை அழுத்தும்போது கேமரா சக்கரம்போல் சுழன்றிருக்கிறது. மையம் நகரவில்லை, விளிம்புகள் வில்லாக வளைந்துவிட்டன. லென்ஸுக்குள் இருக்கும் நிலைப்படுத்தியால் இந்தச் சுழற்சியைத் திருத்த இயலாது. சென்சாரைச் சுழற்றக்கூடிய கேமராவால் மட்டுமே முடியும். வலது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், ஆள்காட்டி விரலின் நடுப்பகுதியால் பொத்தானை மெல்ல உருட்டி அழுத்திப் பழகினால் இது பெருமளவு குறையும்.

மூலைகளின் கலங்கல் வளையாமல் மங்கலாக மட்டும் இருந்தால், அல்லது எல்லாப் படங்களிலும் ஒரே பக்கம் மட்டும் மங்கினால், அது அசைவே இல்லை. லென்ஸின் கண்ணாடி இடம் பிசகியிருக்கக்கூடும். அதைச் சோதிக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய லென்ஸைப் பொருத்தியதும் நடுக்கம் கூடிவிட்டது

பெனின்சுலா பகுதிக் கடைகளில் அழகான பழைய லென்ஸ்கள் கிடைக்கின்றன. அவற்றை இணைப்பு வளையத்தின் வழியாகப் புதிய கேமராவில் மாட்டினால், லென்ஸின் குவியத் தூரம் கேமராவுக்குத் தெரியாது. சென்சாரை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது குவியத் தூரத்தைப் பொறுத்தது. முன்பு 135 மி.மீ. என்று பதிந்து வைத்ததை மாற்றாமல் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், கேமரா வேண்டியதைவிட மிகக் கூடுதலாகத் திருத்தும். நிலைப்படுத்தியே கலங்கலை உண்டாக்கும். மெனுவில் குவியத் தூரத்தைக் கையால் பதியும் இடம் இருக்கிறது. லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் மாற்றுங்கள்.

ஆர்க்கிட் பூவை நெருங்கி எடுத்தால் மட்டும் கலங்குகிறது

தொலைவில் உள்ள காட்சிகளை எடுக்கும்போது கேமரா திரும்புவதுதான் பிம்பத்தைக் கெடுக்கிறது. பூவுக்கு ஒரு சாண் அருகில் போனதும் கேமரா பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் நகர்வதே பெரிய கலங்கலாகிவிடுகிறது. கைரோ உணரி திரும்புதலை அளக்குமே தவிர, இப்படி நகர்வதை அளக்காது. அதற்கு முடுக்க உணரி வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேனன் தன் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் 2009இல் கொண்டுவந்தது. அத்தகைய லென்ஸும் உடல் முன்னும் பின்னும் தள்ளாடி ஃபோகஸ் பிசகுவதைத் தடுக்காது. தாவரவியல் பூங்காவின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் வண்டா மிஸ் ஜோக்கிமை எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: காலை முதல் நேரத்தில், காற்று எழும் முன் போய், 1/250க்கு மேல் வைத்துத் தொடர்ச்சியாக எடுங்கள்.

பறவை கூர்மையாக வரவில்லை, ஓடும் பஸ் வரவே இல்லை

ஓடும் ஒன்றைக் கேமராவால் பின்தொடர்ந்து எடுக்கும்போது, அந்தத் திருப்பத்தையும் நடுக்கம் என்று எண்ணி நிலைப்படுத்தி எதிர்த்து இழுக்கும். லென்ஸில் ‘மோடு 2’ அல்லது பின்தொடர்தலுக்கான தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். மேல்கீழ் அசைவை மட்டும் திருத்தும். சுங்கை பூலோவில் மீன்கொத்தி பாயும்போது 1/2000 வைத்திருப்பீர்கள். அந்த வேகத்தில் நிலைப்படுத்தியால் படத்துக்குப் பயன் குறைவு. வியூஃபைண்டரில் காட்சி ஆடாமல் இருக்க மட்டும் அது உதவும்.

ஒளிப்புள்ளியைச் சுற்றி வளையம், படம் முழுவதும் வெளிறிப்போயிருக்கிறது

சிங்கப்பூரில் இந்தக் குறைக்குத் தனி இடம் உண்டு. ஷட்டர் வேகம் சரி, ஃபோகஸ் சரி, ஆனால் எல்லாம் பனிமூட்டத்துக்குள் இருக்கிறது. லென்ஸின் முன்புறத்தைப் பாருங்கள்; நீர் படிந்திருக்கும்.

வெளிக்காற்றில் ஈரப்பதம் மிகுதி. அந்த ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை இங்கே பெரும்பாலான நாள்களில் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. இரவெல்லாம் 22 டிகிரிக் குளிர்சாதன அறையில் கிடந்த கேமராவை எடுத்துக்கொண்டு, மின்தூக்கியில் இறங்கி வீவக கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்த உடனே, கண்ணாடி அந்த வெப்பநிலைக்குக் கீழே இருப்பதால் அதன்மேல் நீர் பூக்கிறது. பேரங்காடியிலிருந்து தெருவுக்கு வரும் கைப்பேசிக்கும் இதே கதிதான். துடைத்தால் மீண்டும் பூக்கும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் சூடாகவில்லை. தேய்க்கத் தேய்க்க விரல் எண்ணெய்தான் பரவும்.

கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, குளிர்சாதனம் இல்லாத அறையிலோ தாழ்வாரத்தை ஒட்டிய இடத்திலோ வைத்துவிடுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும். உள்ளே கேமரா மெல்ல வெளிவெப்பத்துக்கு வரும். அவசரத்தில் நீர் படிந்துவிட்டால் பொறுத்திருங்கள். அந்நேரத்தில் மட்டும் லென்ஸைக் கழற்றாதீர்கள். ஈரக்காற்று சென்சார்வரை போய்விடும்.

வெளியே கண்ணாடி உலர்ந்திருந்தும் வளையம் தொடர்ந்தால், லென்ஸுக்குள் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் தட்பவெப்பத்தில் அலமாரியில் மூடிவைத்த லென்ஸுக்கு இது வந்தே தீரும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி, புதிய லென்ஸ் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டிய பொருள் என்பேன்.

கைப்பேசியில் மட்டும் வரும் குறைகள்

பெரிதாக்கிப் பார்த்தால் இலைகளும் தலைமுடியும் தூரிகையால் தீட்டியதுபோல் குழைந்திருக்கின்றனவா? புள்ளிகள் இழுபடவில்லையா? அது இரைச்சல் நீக்கத்தின் விளைவு, நடுக்கம் அல்ல. இருட்டில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஜூம் அழுத்தும்போது பல கைப்பேசிகள் தொலைநோக்கு லென்ஸைப் பயன்படுத்துவதே இல்லை. முதன்மை லென்ஸின் படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. தொலைநோக்கு லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரையில் காட்சி மறையவில்லை என்றால் நடப்பது அதுதான். இரவில் ஜூமை விட்டு இரண்டடி முன்னால் போவதே மருந்து.

இரவு முறை ஒரே நீண்ட படத்தை எடுப்பதில்லை. பல குறுகிய படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கிறது. எனவே திரையில் எண்ணிக்கை முடியும்வரை அசையாதீர்கள். ‘க்ளிக்’ ஓசை கேட்டதும் கையை இறக்குவது படத்தைக் கெடுக்கும்.

படம் எடுக்கும் முன்பே திரையில் காட்சி துள்ளுகிறதா, கைப்பேசியிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா? காந்தம் உள்ள உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். லென்ஸை நகர்த்தும் அமைப்பு காந்தவிசையில் இயங்குவதால் வெளிக்காந்தம் அதைக் குழப்பலாம். உறையைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால், மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கைப்பேசியை மாட்டி ஓட்டும் வழக்கம் உண்டா என்று யோசியுங்கள். என்ஜினின் அதிர்வு நிலைப்படுத்தியைச் சிதைக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் எச்சரித்தது. உணவு, பொருள் விநியோகம் செய்யும் தம்பிகள் பலருக்கு இது தெரிந்திருப்பதில்லை. வழிகாட்ட ஒரு பழைய கைப்பேசியை மாட்டிக்கொண்டு நல்லதைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அதிர்வு உறிஞ்சும் தாங்கி தேவை.

படம் ஏற்கெனவே கலங்கிவிட்டது, மீட்க முடியுமா?

ஓரளவு முடியும். முதல் பகுதியில் சொன்ன அந்த நெளிகோடுதான் இங்கே சாவி. கை சென்ற பாதை தெரிந்தால், ஒவ்வொரு புள்ளியும் எப்படிப் பரவியது என்று தெரியும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். பாதை தெரிந்தபோது இதைச் செய்யும் முறையை ஆய்வாளர்களான ரிச்சர்ட்சன் 1972இலும் லூசி 1974இலும் தனித்தனியாக வெளியிட்டார்கள். பாதை தெரியாமல் ஒரே ஒரு படத்திலிருந்து அதை ஊகிக்கும் வழியை ராப் ஃபெர்கஸும் அவருடைய குழுவினரும் 2006இல் காட்டினார்கள். 2013இல் ஃபோட்டோஷாப்பில் நடுக்கம் குறைக்கும் வடிகட்டி வந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. 2022இல் கூகல் பிக்சல் 7 கைப்பேசியில் பழைய படங்களின் கலங்கலையும் திருத்தும் வசதி வந்தது.

கோடு குட்டையாகவும் படம் முழுவதும் ஒரே மாதிரியாகவும் இருந்தால் பலன் நன்றாக இருக்கும். மூலைக்கு மூலை மாறினாலும், ஆள் மட்டும் அசைந்திருந்தாலும், இரைச்சல் மிகுந்திருந்தாலும் விளிம்புகளில் அலையலையாக வளையங்கள் முளைக்கும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் அந்த வளையங்கள் வருவதில்லை, ஆனால் இல்லாததை அவை வரைந்துவிடுகின்றன. மரத்தின் இலையை அவை புதிதாக வரைந்தால் எனக்குக் கவலையில்லை. மறைந்த பாட்டியின் முகத்தில் அவருக்கு இல்லாத கண்களை வரைந்து வைப்பதை நான் ஏற்க மாட்டேன். முகங்களுக்குத் திருத்தத்தின் அளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள். அசல் கோப்பை அழிக்காமல் தனியே சேமியுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

கேமராவை அணைத்துவிட்டு மெல்ல ஆட்டும்போது உள்ளே ஏதோ தளர்ந்து ஆடும் ஓசை கேட்டால் பதறாதீர்கள். சென்சார் மிதக்கும் கேமராக்கள் பலவற்றில், மின்சாரம் இல்லாதபோது அது இயல்பு. இயக்கியபின்னும் ஓசை தொடர்ந்தால், அல்லது வியூஃபைண்டரில் காட்சி தானாகத் துள்ளினால்தான் பழுது.

உறுதிப்படுத்த, தமிழ் முரசின் ஒரு பக்கத்தைச் சுவரில் சமமாக ஒட்டுங்கள். ஷட்டரை 1/15இல் நிறுத்தி, நிலைப்படுத்தியை இயக்கிப் பத்துப் படங்களும் அணைத்துப் பத்துப் படங்களும் கையில் பிடித்தே எடுங்கள். சிற்றெழுத்துகளைப் படிக்க முடிகிற படங்கள் எந்தப் பத்தில் அதிகம் என்று எண்ணுங்கள். இயக்கியபோது எண்ணிக்கை கூடவில்லை என்றால், அல்லது குறைந்தால், நிலைப்படுத்தியில் குறை இருக்கிறது. பிறகு முக்காலியில் வைத்து, நிலைப்படுத்தியை அணைத்து ஒரு படம் எடுங்கள். அதிலும் பக்கத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கினால், லென்ஸின் கண்ணாடி பிசகியிருக்கிறது.

இந்தப் படங்களை அழிக்காமல் கார்டிலேயே வைத்துக்கொண்டு, கேமரா, லென்ஸ் இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். உத்தரவாத அட்டை உள்ளூர் முகவர் தந்ததா, இணை இறக்குமதி செய்த கடை தந்ததா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். போக வேண்டிய இடம் அதைப் பொறுத்தே மாறும்.